மேல்காற்றும் கோவளத்து அலையும்

நெய்தல் நிலத்திற்குரிய சிறுபொழுது எற்பாடு என்றும், மருத நிலத்திற்குரிய சிறுபொழுது வைகறை என்றும் நம் இலக்கண நூலார் வகுத்து வைத்தனர். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறோம். மாணவரும் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் நிலமும் பொழுதும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதைக் கண்ணாரக் கண்டு உணரும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே அமைகின்றது. அண்மையில் அத்தகைய வாய்ப்பொன்று, நாம் எதிர்பாராத ஒரு துறையின் வழியாகக் கிட்டியது. அத்துறை அலைச்சறுக்கு, இடம், சென்னைக்குத் தெற்கே வங்கக் கடலோரத்தில் அமைந்த கோவளம்.

தமிழாசிரியருக்கும் அலைச்சறுக்குக்கும் என்ன தொடர்பு என்று மூத்தோர் வினவுதல் இயல்பே. பலகை ஒன்றைச் சுமந்து சென்று அலையின்மேல் ஏறி நிற்பது, பொழுது போகாத செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கேளிக்கை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அதனைக் கற்கும் ஆவலால் நாம் கோவளம் செல்லவில்லை. ஒரு தாயின் வினாவுக்கு விடை தேடியே சென்றோம்.

ஒரு தாயின் வினா

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் வாழும் நம் மக்களுக்குக் கோவளம் புதிய ஊர் அன்று. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிப் போற்றும் தர்கா அங்குள்ளது. நேர்ச்சை நிறைவேற்றவும் ஜியாரத் செய்யவும் குடும்பம் குடும்பமாக வேனிலும் பேருந்திலும் அவ்வூருக்குச் செல்லும் வழக்கம் நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. தர்காவிலிருந்து கடல் கூப்பிடு தொலைவு. பெரியோர் மர நிழலில் அமர்ந்து உணவுப் பொட்டலங்களைப் பிரிக்க, இளைஞர் கடலை நோக்கி நடப்பர்.

அவ்வாறு சென்ற நம் பகுதி இளைஞர் ஒருவர் திரும்பி வரவில்லை. அவர் முரடர் அல்லர். தாய் சொல்லைத் தட்டாதவர். அலை அடிக்கும் இடத்தில் இறங்கமாட்டேன் என்று தாயிடம் வாக்களித்தே சென்றார். நண்பகலுக்குப் பின் கடல் கொந்தளித்திருந்தது. இருபுறமும் அலைகள் நுரைத்து உடைய, இடையே ஓரிடம் மட்டும் அலையின்றி அமைதியாகத் தோன்றியது. அவ்விடத்தையே தேர்ந்து இறங்கினார். சிறிது நேரத்தில் கரையிலிருந்தோர் கண்ணுக்கு அவர் தலை சிறிதாயிற்று, பின்னர் மறைந்தது. மூன்றாம் நாள் மையித்துக் கிடைத்தது.

நீரில் மூழ்கி மாண்ட விசுவாசிக்கு ஷஹீதின் தகுதி உண்டு என்னும் நபிமொழியைப் பெரியோர் எடுத்துரைத்து அத்தாயைத் தேற்றினர். அந்த ஆறுதலை அவ்வம்மையார் கண்ணீருடன் ஏற்றுக்கொண்டார். எனினும், துக்கம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் ஒன்று கேட்டார். "அலை இல்லாத இடத்திலேதானே என் பிள்ளை இறங்கினான்? சொன்ன சொல் தவறவில்லையே. பிறகு எப்படிப் போனான்?"

நூல்களோடு பழகிய நமக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. கடலைப் பற்றி நாம் கற்றவை யாவும் உவமைகளாகவும் உருவகங்களாகவுமே இருந்தன. கடலை நாள்தோறும் படிப்போரிடம் செல்வதே தக்கது எனத் துணிந்து, மாணவர் சிலருடன் கோவளம் புறப்பட்டோம்.

கோவளத்து வைகறை

பூவிருந்தவல்லியிலிருந்து வெளிவட்டச் சாலை வழியே வண்டலூர் சென்று, அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடையலாம். ஐம்பது கிலோமீட்டர் அளவான பயணம். நள்ளிரவு கழிந்த பின் புறப்பட்டு, சுபுஹுத் தொழுகையைக் கோவளத்தில் நிறைவேற்றிவிட்டுக் கடற்கரைக்குச் சென்றோம்.

இன்று அமைதியாகக் காட்சி தரும் இவ்வூருக்குக் கொந்தளிப்பான வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனியார் இங்கு வணிகம் செய்தனர். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் இது சாதத் பந்தர் எனப் பெயர் பெற்றுக் கோட்டையும் துறையுமாக விளங்கியது. பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1752இல் இராபர்ட் கிளைவின் படை அதனைக் கைப்பற்ற, கோட்டை தகர்க்கப்பட்டது. அக்கோட்டை இருந்த இடத்தில் இப்பொழுது விடுதி ஒன்று உள்ளது. தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் ஒரே கடற்காற்றைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. 2021ஆம் ஆண்டு இவ்வூர்க் கடற்கரை தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்றினைப் பெற்றது. கேரளத்துக் கோவளத்தோடு இதனை மயங்கலாகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லி வைக்கிறோம்.

கதிரவன் தோன்றும் முன்பே இளைஞர் பலர் பலகையும் கையுமாக நின்றிருந்தனர். ஒருவரும் உடனே நீரில் இறங்கவில்லை. கால்மணி நேரம் வாளா நின்று கடலையே நோக்கினர். அலைகள் எத்தனை எத்தனையாகத் திரண்டு வருகின்றன, எங்கே உடைகின்றன, எங்கே உடையாமல் வழுவுகின்றன, நுரை எப்பக்கம் நகர்கின்றது என்று தமக்குள் தாழ்குரலில் பேசிக்கொண்டனர். பொருள் விளங்காத செய்யுளைப் பலமுறை ஓதிப் பார்க்கும் நல்ல மாணாக்கரின் பொறுமை அவர்களிடம் காணப்பட்டது.

அருகே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவரிடம் அத்தாயின் வினாவை அப்படியே வைத்தோம். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுக் கடலைச் சுட்டினார்.

"பாய், அலை ஒடையுற எடத்துல பயமில்ல. ஒடையாத எடத்துலதான் பயம். அவ்வளோ தண்ணி கரைக்கு வருதே, அது திரும்பிப் போவணும்ல? அது போற வழி அது."

"அவ்வழியில் அகப்பட்டவர் என்ன செய்வது, பெரியவரே?"

"எதிர்த்து நீந்தக் கூடாது. பக்கவாட்டுல போவணும். அதாண்டபோய் வழக்காடினா தோத்துதான் போவோம்."

இரண்டே மறுமொழிகளில் அவர் கூறியதன் பொருளை விரித்தறிய நமக்கு மேலும் பல நாள் ஆயின. அறிந்தவற்றை இங்கே ஒருவாறு தொகுத்துரைக்கிறோம்.

நம் ஊர்க் காற்று

அலையின் தன்மையை முதலில் தீர்மானிப்பது காற்று. பகலில் நிலம் விரைந்து சூடேறுகின்றது. கடல் அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுகின்றது. இதுவே கடற்காற்று. இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று செல்கின்றது. இது நிலக்காற்று. கீழைக் கடற்கரைக்கு நிலம் மேற்கே இருப்பதால், நம் ஊர் வழக்கில் இதனை மேல்காற்று எனலாம்.

கோடையில் கடற்காற்றின் அருமை மேற்குப் புறநகர் மக்களைப்போல் உணர்ந்தோர் இலர். கடலோரத்தில் நண்பகலிலேயே நுழையும் அக்காற்று, தெருத்தெருவாக நகரைக் கடந்து பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் வந்து சேரும்போது பிற்பகல் முதிர்ந்துவிடும். மேல்காற்று வலுத்து வீசும் நாட்களில் கடற்காற்று தயங்கி நின்று, மாலையில் வருவதும் உண்டு, வாராதொழிவதும் உண்டு. அந்நாட்களே நம் பகுதியில் அனல் மிகுந்தவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தகரக் கூரையின்கீழ் உழைப்போர் அந்நாட்களை நன்கறிவர்.

இனி இதே காற்றைக் கோவளத்துக் கரையில் நின்று காண்போம். கடற்காற்று அலையைப் பின்னாலிருந்து தள்ளுகின்றது. ஆதலின் அலை ஒழுங்கிழந்து, முன்னதாகவே சரிந்து, நுரையும் கலக்கமுமாக உடைகின்றது. மேல்காற்றோ அலையின் முகத்திற்கு எதிரே வீசி, அது சரியாதபடி சற்று நேரம் தாங்கிப் பிடிக்கின்றது. மேற்பரப்பைச் சீப்பால் வாரியது போல் வழவழப்பாக்குகின்றது. அலைச்சறுக்கு வீரர் விரும்புவது இதனையே. ஆதலின் அவர்கள் வைகறையில் வருகின்றனர். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுகின்றனர். மேல்காற்று நெடுநேரம் நிலைத்து நம்மை வாட்டும் நாட்களில் அவர்கட்கு நெடுநேரம் நல்ல அலை கிடைக்கின்றது. ஆவடியில் நாம் விசிறியைத் தேடும் அதே வேளையில், நம் ஊரைக் கடந்து சென்ற காற்றே கோவளத்தில் அலையைச் செப்பம் செய்கின்றது.

ஏரிகள் சூழ்ந்த நம் மருத நிலத்து வைகறை, இவ்வாறு நெய்தல் நிலத்தைச் சென்று தொடுவதைக் கண்டபோது, வகுப்பறையில் தனித்தனிக் கட்டங்களாக வரைந்து காட்டிய திணைகளுக்கிடையே காற்றுக்குச் சுவர் இல்லை என்பதை உணர்ந்தோம். அம்மைந்தர் நண்பகலுக்குப் பின் கடலில் இறங்கினார் என்பதும் நினைவுக்கு வந்தது. ஜியாரத் முடித்து, உணவு உண்டு, நம் மக்கள் கடலில் இறங்கும் வேளை பெரும்பாலும் அதுவே. கடல் கலங்கும் வேளையும் அதுவே.

தொலைவிலிருந்து வரும் அலை

காற்று அலையைச் செப்பம் செய்யும் அல்லது குலைக்கும். ஆனால் அலையின் வலிமை பல வேளைகளில் வேறிடத்தில் பிறக்கின்றது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் சூறைக்காற்று எழுப்பும் அலைகள், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் என்னும் அளவில் பல நாள் பயணம் செய்து, இலங்கைத் தீவைக் கடந்து வளைந்து நம் கரையை அடைகின்றன. இத்தகைய நெடும்பயண அலைகளுக்கிடையே இடைவெளி மிகுதி. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பன்னிரண்டு, பதினைந்து நொடிகள் செல்லும். அருகிலேயே பிறந்த காற்றலைகளோ ஐந்தாறு நொடிக்கொன்றாக நெருக்கியடித்து வரும். நெடும்பயண அலைகளைக் கண்டு, கடல் அமைதியாக உள்ளது என மயங்குவது எளிது. கூட்டமாக அவை வந்தேறும்போதே அவற்றின் வலிமை தெரியவரும்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தென்திசை அலைகள் மிகுதலின், அதுவே கோவளத்தில் அலைச்சறுக்குக்குரிய பெரும்பொழுது. சனவரி முதல் மார்ச்சு வரை அலை சிறுத்து, புதிதாகக் கற்பவர்க்கு ஏற்றதாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் புயலும் கடலை ஆள்கின்றன. அப்பொழுது தேர்ந்தவரும் எண்ணித் துணிவர்.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தொலைதூர அலை திடீரெனக் கரையேறுவதுண்டு. திருடனைப்போல் வருதலின் கேரள மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்றனர். அப்பெயரையே இன்று அறிவியலாரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கணித்து எச்சரிக்கை விடுக்கின்றது. அத்தகைய எச்சரிக்கை நிலவிய நாட்களில்தான், 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டனர். உயிர் காக்கும் கல்வியைக் கற்றவர்க்கும் கடலைப் படிக்கும் கல்வி வேறாகவே இருந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

தூணும் சுவரும்

அலை எங்கே உடைய வேண்டும் என்பதைக் கடலடித் தரை முடிவு செய்கின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தை நெருங்கக் குறையும்போது, அலையின் அடிப்பகுதி தடைப்பட, மேற்பகுதி முந்திச் சாய்ந்து உடைகின்றது. கோவளத்தில் பாறை முனை ஒன்று கடலுக்குள் நீண்டிருப்பதால், தெற்கிலிருந்து வரும் அலை அம்முனையில் உடையத் தொடங்கி, வடக்கு நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே செல்கின்றது. கரையை நோக்கி வரும் வீரருக்கு அது வலப்பக்கம் விரியும் அலை. ஒரே வேளையில் முழுவதும் இடிந்து விழாமல் ஒழுங்காக உடைவதே அதன் சிறப்பு.

இயற்கை அமைத்த பாறைமுனையைப்போலவே மனிதர் அமைத்த கடற்பாலமும் கல்லணையும் அலையை மாற்றுகின்றன. சென்னை வரலாறே இதற்குச் சான்று. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. இடைப்பட்ட அலைவரிசைகளைக் கடந்து மனிதரையும் பொதிகளையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அவற்றின் பலகைகள், அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. கட்டுமரத்தார் கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து நனையாமல் கொண்டு சென்றனர். ஐரோப்பியர் அஞ்சி நடுங்கிய அலையை அம்மக்கள் அன்றாடம் கடந்தனர். அலைச்சறுக்கு என்னும் பெயர் புதிதாயினும், அலையைப் படித்து ஏறும் கலை நம் கரைக்குப் புதிதன்று.

1861இல் சென்னையில் இரும்புத் தூண்களின்மேல் ஒரு கடற்பாலம் அமைக்கப்பட்டது. தூண்களின் இடையே நீரும் மணலும் தடையின்றிச் சென்றன. பின்னர் 1870களில் கற்சுவர்களால் துறைமுகம் கட்டத் தொடங்கினர். முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் இயல்புடையது. சுவர் அதனைத் தடுக்கவே, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று இராயபுரம் பகுதியைக் கடல் அரித்தது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் எழுந்த துறைமுகச் சுவர்களால் நகரின் கடற்கரை தேய்ந்தது. அங்கே தூண்களின்மேல் நின்ற பழைய கடற்பாலம் 2022 மார்ச்சில் பகுதி இடிந்து வீழ்ந்த காட்சியைக் கண்டோர் வருந்தினர்.

இதில் கடலாடுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கடற்பாலத்தின் அருகில் மணல்திட்டு உருவாகி அழகிய அலை எழலாம். கல்லணையின் ஓரமாகவோ கரையை விட்டுக் கடலுக்குச் செல்லும் நீரோட்டம் வலுத்திருக்கும். கல்லைப் பிடித்துக்கொள்ளலாம் என எண்ணி அதன் அருகே குளிப்பது பேதைமை.

அலையில்லாத இடம்

இப்பொழுது அத்தாயின் வினாவுக்கு வருவோம். அலைகள் ஓயாமல் கரைக்கு நீரைக் கொண்டு வருகின்றன. வந்த நீர் எவ்வழியேனும் திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் எங்கே பள்ளம் உள்ளதோ அங்கே திரண்டு, குறுகிய ஆறுபோல் கடலுக்குள் பாய்கின்றது. அப்பள்ளத்தில் ஆழம் மிகுதலின் அலை உடைவதில்லை. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றுகின்றது. அறியாதவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான இடம். நீர் சற்றுக் கருத்தோ மணல் கலந்து கலங்கியோ இருப்பதும், நுரையும் குப்பையும் கடல்நோக்கி நகர்வதும் அதன் அடையாளங்கள்.

அந்நீரோட்டம் மனிதரை நீருக்குள் அமிழ்த்துவதில்லை. கரையிலிருந்து இழுத்துச் செல்கின்றது. சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரையும் கடக்கும். உலகப் போட்டிகளில் வெல்லும் நீச்சல் வீரரும் அவ்வேகத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்த இயலாது. அகப்பட்டவர் கரையை நோக்கியே போராடிக் களைத்து மூழ்குகின்றனர். மிதந்தபடி மூச்சைக் காத்து, கையை உயர்த்தி உதவி கோரி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் பகுதியை அடைந்தால், அவ்வலையே கரைக்குத் தள்ளும்.

வியப்பு என்னவெனில், அலைச்சறுக்கு இளைஞர் இந்நீரோட்டத்தைத் தேடிச் செல்கின்றனர். உடையும் அலைகளை எதிர்த்துக் கைசலிக்காமல், பலகைமேல் படுத்தவாறு அதன் வழியே எளிதில் உள்ளே செல்கின்றனர். பின்னர் ஒதுங்கி, அலையேறித் திரும்புகின்றனர். அறிந்தவர்க்கு அது வழி; அறியாதவர்க்கு அதுவே குழி. ஒரே நீர், ஒரே நாள், ஒரே கரை. இடையே நின்றது ஓர் அறிவு மட்டுமே. அவ்வறிவு நம் பிள்ளைக்கு எவராலும் வழங்கப்படவில்லை.

விடையை அவ்வம்மையாரிடம் சென்று கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்" என்றார். இக்கட்டுரை எழுந்ததன் காரணம் அதுவே.

குப்பத்துப் பிள்ளைகளின் கலை

1778, 1779ஆம் ஆண்டுகளில் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுகளை அடைந்தபோது, தீவு மக்கள் பலகைகளில் அலையேறுவதைக் கண்டு மாலுமிகள் வியந்தனர். அத்தீவைச் சேர்ந்தவரும் 1912 ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவருமான டியூக் கஹானமோகு அக்கலையை உலகெங்கும் பரப்பினார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது.

கோவளத்தில் இக்கலை வேரூன்றக் காரணமானவர்களுள் முதன்மையானவர் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர். வெளிநாட்டவர் ஒருவர் அலையேறுவதைக் கண்டு ஆர்வமுற்று, மரப்பலகை கொண்டு தாமே முயன்றவர். பின்னர் ஆதரவாளர் துணையுடன் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளியை அமைத்தார். 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் அங்கு நடைபெறலாயிற்று. அண்டையிலுள்ள மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் பன்னாட்டுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் நடைபெற்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கண்டு அஞ்சிய கரையில், அதன் பின் பிறந்த தலைமுறை அலையைத் தோழமை கொண்டிருப்பது எளிய செய்தி அன்று.

நம் கடமை

கடலைக் கற்பது நம் சமுதாயத்திற்கு அயலான செயல் அன்று. பருவத்தைக் குறிக்கும் மவ்சிம் என்னும் அரபுச் சொல்லிலிருந்தே மான்சூன் என்னும் சொல் பிறந்தது. மரைக்காயர் கலம் செலுத்திய கடல் இது. மாலுமி என்னும் சொல், ஆசிரியரைக் குறிக்கும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். கலத்தை நடத்துபவரும் வகுப்பை நடத்துபவரும் ஒரு பெயர்க்கு உரியராயினர். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்க வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்கள் கூற்றாக வழங்கி வருகின்றது. அம்மூன்றனுள் முதலாவதையேனும் நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏரிகள் நிறைந்த ஊரில் பிறந்தும் நம் பிள்ளைகளுள் பலர் நீச்சல் அறியாதவராய் வளர்கின்றனர். பெண்மக்கள் நிலை சொல்ல வேண்டுவதில்லை. அவர்கட்கெனத் தனி நேரமும் தனி இடமும் அமைத்துப் பெண் ஆசிரியரைக் கொண்டு கற்பித்தல் இயலாத செயலன்று.

மற்றொரு கடனும் நமக்குண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றங்கரைக் குடியிருப்புகளைச் சூழ்ந்தபோது, கடலோர மீனவர் தம் படகுகளைச் சாலை வழியே கொண்டு வந்து, மாடிகளில் தவித்தோரை மீட்டனர். மதமும் சாதியும் கேட்டு அவர்கள் கை நீட்டவில்லை. அவர்களிடம் சென்று, கடலைப் பற்றிக் கேட்டறிவது அந்நன்றியின் ஒரு பகுதியாகவும் அமையும்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. கடற்கரைக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் முதல்நாளே கடல் எச்சரிக்கையைப் பார்த்தறிதல் வேண்டும். கடலாட விரும்புவோர் காலையில் செல்லுதல் நன்று. பிற்பகலில் கரையில் நின்று காண்பதோடு அமைதல் நன்று. இறங்கும் முன் கால்மணி நேரம் நின்று கடலைப் பார்த்தல் வேண்டும். அவ்விடத்து மீனவரிடமோ உயிர்காப்பாளரிடமோ கேளாமல் இறங்கலாகாது. ஒருவர் இழுபட்டால் மற்றொருவர் வெறுங்கையோடு பாயாமல், மிதக்கும் பொருளை எறிந்து உதவி கூவுதல் வேண்டும். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலும் வகுப்பறையிலும் இல்லத்திலும் இவற்றை எடுத்துரைக்கப் பெரியோர் முன்வருதல் வேண்டும்.

இனிக் கோடை வரும். பூவிருந்தவல்லித் தெருக்களில் மேல்காற்று அனலாய் வீசும். புழுக்கம் தாளாது இளைஞர் கடலை நாடுவர். அதனைத் தடுக்க நம்மால் இயலாது, தடுத்தலும் முறையன்று. போகும் பிள்ளைகளிடம், அலை இல்லாத இடம் எது என்பதை மட்டுமேனும் சொல்லி அனுப்புவோம். போனவர் யாவரும் நலமே வீடு திரும்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக!